புஷ்பம்மாளின் கன்னங்கள்

விசில்

மாஸ்க்கை வைத்துப் பட்டைகளை மாட்டியதுமே இடது கன்னத்தின் ஓரத்தில் விசில் கேட்டது. பெரிய சத்தமில்லை. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு முனகல் வருமே, அவ்வளவுதான். ஆனால் மெஷின் திரையில் லீக் எண் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் அனுப்பிய காற்றில் பாதி நெஞ்சுக்குள் போகாமல் ஐசியு கூரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

படுக்கையில் இருந்தவர் பெயர் புஷ்பம்மாள். நிலக்கோட்டையில் பூ வியாபாரம். அறுபதைத் தாண்டிய வயது. விறகடுப்புப் புகையிலேயே பல வருடம் சமைத்து நுரையீரல் கெட்டுப்போனவர். அன்று காலை அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. பிறகு மூச்சு வாங்குவது குறைந்து தூங்கிவிட்டார். வீட்டில் எல்லோரும் 'நல்லாத் தூங்குது' என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். எங்களுக்கோ அந்தத் தூக்கம்தான் பயம். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கிவிட்டால் மூளை மெல்லத் தூங்கப் போகும். கூப்பிட்டால் கண் திறப்பார்கள். விட்டால் மறுபடி போய்விடுவார்கள்.

டாக்டர் கலைவாணி கட்டில் காலடியில் நின்று சொன்னார்: "ரிஸ்வானா, ஒரு மணி நேரம் பாப்போம். அடுத்த ஏபிஜில சிஓ2 இறங்கலைன்னா டியூப் போட்டுருவோம்."

ஏபிஜி என்பது ரத்தத்தில் வாயு அளவைப் பார்க்கும் டெஸ்ட். டியூப் என்பது தொண்டை வழியாகக் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடுவது. இப்படிப்பட்ட நுரையீரலுக்கு டியூப் போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். டியூப் இல்லாமல், மாஸ்க் வழியாகவே காற்றை அழுத்தத்தோடு கொடுத்துக் காப்பாற்றப் பார்ப்பதுதான் என்.ஐ.வி. அதில் மெஷின் பாதி, மாஸ்க் பாதி.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் மகன் அந்தோணி நின்றிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் கையைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

"தாயி, டியூப்பு மட்டும் வேணாம்னு அம்மா முன்னாலயே சொல்லிருக்கு. எங்கய்யா டியூப்போட போனவரு. அதப் பாத்ததுல இருந்து அதுக்குப் பயம். வேற வழி எதுவும் இல்லயா?"

"வழி இருக்குண்ணே. மாஸ்க் சரியா ஒக்காரணும். அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டேனே தவிர, அது உட்காரவில்லை.

நான் யார்

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். வார்டில் இந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. 'மெஷின் பொண்ணு' என்பார்கள், 'காத்துப் பொண்ணு' என்பார்கள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. என் கல்லூரி ஜூனியர்கள், "மாஸ்க் செலக்‌ஷன் பத்தி ஒரு நோட்ஸ் எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். எந்த மாஸ்க், யாருக்கு, என்ன பிரச்சினை என்று டேபிள் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். டேபிள் பாதியிலேயே நின்றுபோய்ப் புஷ்பம்மாள் வந்துவிட்டார்.

எனக்கு மாஸ்க் என்றால் சின்ன கிறுக்கு உண்டு. பழைய மாஸ்க் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் என் முகத்திலேயே மாட்டிப் பார்ப்பேன். என் அத்தா பேகம்பூரில் தோல் வியாபாரம். ஒருநாள் அதை வாங்கி, சிலிக்கான் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது என்ன தோலும்மா?"

"தோல் இல்லத்தா, சிலிக்கான்."

"இதுல செருப்பு தச்சா நடக்குறவன் காலு தூங்கிப்போயிரும்."

அந்த மெத்தென்ற ஓரம் முகத்தோடு சேர்வதைப் பற்றி நான் மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் கரையைத் தொடுகிற மாதிரி தொட வேண்டும் என்று நினைப்பேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்து பாருங்கள்.

சேலைக்கடை

அன்றைக்கு வருகிறேன். முதலில் அளவுகோல். எல்லா மாஸ்க்கோடும் ஒரு பிளாஸ்டிக் அளவுத் தகடு வரும். மூக்குத் தண்டின் மேட்டிலிருந்து கீழ் உதட்டுக்குக் கீழ்வரை வைத்துப் பார்க்க வேண்டும். புஷ்பம்மாளுக்கு மீடியம் காட்டியது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் மீடியம் எடுத்தேன். விசில். ஸ்மால் எடுத்தேன். உதட்டில் ஏறி உட்கார்ந்தது. லார்ஜ் தாடைக்குக் கீழே வழிந்தது. வேறு மாடல் எடுத்தேன். விசில் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது.

சிஸ்டர் செல்வி சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டே சொன்னார்: "என் கல்யாணச் சேலைக்குக் கூட நான் இம்புட்டு எடுத்துப் போட்டுப் பாக்கல."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சிஸ்டர்."

"இதத்தான் நானும் கடைக்காரன்கிட்ட சொன்னேன். பட்டைய இழுத்து இறுக்குங்க ரிஸ்வானா, சரியாப் போயிரும்."

ஜூனியர்களே, இந்த இடத்தில்தான் எல்லோரும் இறுக்குவார்கள். இறுக்காதீர்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். இறுக்கினால் சிலிக்கான் மடங்கி இன்னும் அதிகமாக லீக் ஆகும். மூக்குத் தண்டில் தோல் சிவந்து புண்ணாகும். புண் வந்துவிட்டால் அடுத்த நாள் எந்த மாஸ்க்கும் வைக்க முடியாது.

மூக்குக்கு மட்டும் வைக்கிற நேசல் மாஸ்க் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூக்கு வழியாகக் கொடுப்பதெல்லாம் வாய் வழியாக வெளியே போய்விடும். நெற்றியிலிருந்து தாடைவரை முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் ஒன்று உண்டு, அன்று எங்களிடம் இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. புஷ்பம்மாளின் வலது கை போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு வாய்ப் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவையும் மாஸ்க் நகரும்.

"மாஸ்க்கப் பிடுங்கத்தான் பாக்குறாக. கையக் கட்டிரலாமா?" என்றார் செல்வி.

"செத்த பொறுங்க சிஸ்டர்."

சிஓ2 ஏறிய நோயாளிகள் மாஸ்க்கைப் பிடுங்குவது வழக்கம்தான். ஆனால் இந்தக் கை பிடுங்கவில்லை. எதையோ தேடிக்கொண்டு வந்தது. அது உறுத்தியது, என்னவென்றுதான் தெரியவில்லை.

மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு பேச்சு வந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"மழ வருது... சாக்கப் போட்டு மூடு. மல்லி நனையுது."

மெஷினிலிருந்து வருவது ஈரப்பதமாக்கிய காற்று. லீக் ஆகிய காற்று அவர் கண்ணிமைமேல் சாரலாக விழுந்துகொண்டிருந்தது. அவர் எங்கேயோ ஒரு பூ மார்க்கெட்டில், மழைக்கு முந்திய நேரத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இங்கே வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

மகன் உள்ளே வந்தார்

அந்தோணியை டாக்டர் உள்ளே கூப்பிட்டார். டியூப் போட வேண்டி வந்தால் கையெழுத்துக்கு முன்னால் அம்மாவை ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்த நேரம் நான் மாஸ்க்கை எடுத்துப் புஷ்பம்மாளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தோணி கட்டிலுக்கு அருகில் வந்தார். பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார்.

"இது எங்கம்மா இல்லயே."

செல்விக்கு வேலை நேரத்தில் இப்படிப்பட்ட பேச்சு பிடிக்காது. "என்னண்ணே சொல்றீக? கையில பேரு கட்டிருக்கு பாருங்க."

"இல்ல சிஸ்டர்... பல்லு. அம்மா பல்லு எங்க? பல்லு இல்லாம நான் எங்கம்மாவப் பாத்ததே இல்ல."

அவர் போனை எடுத்துக் காட்டினார். ஏதோ கோயில் திருவிழாவில் எடுத்த படம். உருண்டு திரண்ட கன்னங்களோடு ஒரு அம்மாள் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தையும் படுக்கையையும் மாறி மாறிப் பார்த்தேன். படுக்கையில் இருந்த முகத்தில் இரண்டு கன்னமும் உள்ளே விழுந்து இரண்டு பள்ளமாக இருந்தன. பள்ளத்தின் மேல் மாஸ்க் எப்படி உட்காரும்? நான் முகத்துக்கு மாஸ்க் தேடிக்கொண்டிருந்தேன். முகத்தில் பாதி இங்கே இல்லவே இல்லை.

"மேல் செட், கீழ் செட் ரெண்டுமாண்ணே?"

"ரெண்டும்தான். ஒரு மல்லி சீசன்ல சம்பாரிச்சுக் கட்டுன பல்லு. தூங்குறப்பக் கூட எங்க முன்னால கழட்டாது."

"இப்ப எங்க இருக்கு?"

"முடிச்சுல இருக்கும்."

முடிச்சு

நம்ம பக்கம் ஆஸ்பத்திரி என்றால் முதலில் நடப்பது இதுதான். கட்டிலில் ஏற்றும்போதே தோடு, மூக்குத்தி, செயின் எல்லாவற்றையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, குடும்பத்தில் இருப்பதிலேயே நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மயக்கத்தில் வருகிறவர்களுக்குக் கேஷுவல்ட்டியிலேயே பல் செட்டைக் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம், தொண்டைக்குள் போய்விடக்கூடாதே என்று. கழற்றிய பல்லும் தோட்டோடு முடிச்சுக்குள் போயிருந்தது. முடிச்சு மருமகள் லூர்து கையில் போயிருந்தது. லூர்து பஸ் ஏறி நிலக்கோட்டைக்கே போயிருந்தார்.

அந்தோணி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ஏய் லூர்து, அந்த முடிச்சு எங்க?"

"பீரோவுல வச்சுப் பூட்டிட்டேங்க. யாரு கண்ணுலயும் படல."

"அத எடுத்துக்கிட்டு ஒடனே வா."

அந்தப் பக்கம் ஒரு கேவல். "ஐயோ... அத்தைக்கு என்னாச்சுங்க? எதுக்கு நகையக் கேக்குறீக?"

"ஏய், அழுகாத! அம்மா இருக்கு. பல்லு வேணும், பல்லு!"

"பல்லா?"

"ஆமா. பல்லு போட்டாத்தான் மூச்சு வருமாம்."

"என்னங்க ஒளர்றீக? காலைல இருந்து ஏதாச்சும் சாப்டீகளா இல்லியா?"

நான் போனை வாங்கினேன். "அக்கா, நான் ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன். அவரு சொல்றது சரிதான். அத்தைக்குப் பல்லு வச்சாத்தான் மாஸ்க்கு நிக்கும். கொண்டாங்க."

"இந்தா வாரேன் தாயி. பஸ்ஸுக்கெல்லாம் நிக்கல. மார்க்கெட்டுல பூ வேன் கெளம்புற நேரம்தான், ஏறிருவேன்."

அடுத்த சண்டை எனக்கும் டாக்டருக்கும். கழற்று என்கிற விதியை நானே திருப்பிப் போடச் சொல்கிறேன் அல்லவா?

"தூக்கத்துல இருக்கறவங்களுக்கு டென்ச்சர் வெக்கச் சொல்றியா? கழண்டு உள்ள போச்சுன்னா?"

"முழு செட் மேம். நல்லாப் பொருந்துற செட். கூப்பிட்டா முழிக்கிறாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

டாக்டர் குனிந்து சத்தமாகக் கூப்பிட்டார். "புஷ்பம்மா! இருமுங்க." புஷ்பம்மாள் கண்ணைப் பாதி திறந்து, புருவத்தைச் சுருக்கி, கோபமாக ஒரு இருமல் இருமினார்.

"சரி. கூப்பிட்டா முழிக்கணும், சொன்னா இருமணும். ரெண்டுல ஒண்ணு போச்சுன்னாலும் பல்லும் வேணாம், மாஸ்க்கும் வேணாம். டியூப்தான்." வாசல்வரை போனவர் திரும்பினார். "வேன் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவ?"

கை

கையை வைத்தேன்.

வேறு வழி தெரியவில்லை. மீடியம் மாஸ்க்கை வைத்து, தலைமாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் மாஸ்க்கின் ஓரத்தோடு சேர்த்து, விழுந்து கிடந்த கன்னச் சதையை விரல்களால் மெல்லச் சேகரித்து சிலிக்கானுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் தலையணையைச் சரிசெய்கிற மாதிரிதான். விசில் மெலிந்தது. மெலிந்து, நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐசியுவில் எப்போதும் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டிருக்கும். அன்றும் கத்தியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. மெஷின் மூச்சைத் தள்ளும்போது அவர் நெஞ்சு ஏறியது. விடும்போது இறங்கியது. என் மூச்சும் எப்போதோ அதோடு சேர்ந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை கானலில் அடியில்லாமல் மிதந்தது. அதுவும் மூச்சு விடுகிறது என்று தோன்றியது. கை என்னுடையதா, கன்னம் அவருடையதா, எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

"மூடியாச்சா?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்.

"என்னம்மா?"

"மல்லிய... சாக்கப் போட்டு..."

"மூடியாச்சும்மா. ஒரு பூ கூட நனையல."

அவர் வலது கை மறுபடி ஏறியது. செல்வி எழுந்து வந்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன், என் கைதான் விடுபட முடியாதே. அந்தக் கை வாயைத் தேடி வந்தது. வந்த இடத்தில் என் விரல்கள் இருந்தன. அவற்றைத் தடவிப் பார்த்தது. எல்லாம் மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட மாதிரி ஒரு நிமிடம் அங்கேயே இருந்தது. பிறகு தானாக இறங்கிப் போர்வைமேல் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அது மாஸ்க்கைத் தேடி வந்த கை இல்லை. மகனும் பார்த்திராத பொக்கை வாயை மூடிக்கொள்ள வந்த கை. நினைவே பாதி கரைந்துபோன இடத்திலும் அந்த வெட்கம் மட்டும் கரையாமல் நின்றிருக்கிறது. நாங்கள் அதைக் கட்டிவைக்கப் பார்த்தோம்.

"சிஸ்டர், மூக்கு அரிக்குது."

"இதுக்கும் ஒரு தெரபிஸ்ட்ட வெச்சுக்க வேண்டியதுதான்," என்று சொல்லிக்கொண்டே செல்வி வந்து என் மூக்கைச் சொறிந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. ஏபிஜி எடுத்தார்கள். டாக்டர் ரிசல்ட்டோடு வந்து நின்றார். "இறங்கிருக்கு. கொஞ்சந்தான். உன் கை எவ்வளவு நேரம் தாங்கும்?"

முழங்கைக்குக் கீழே எனக்கு எதுவுமே தெரியவில்லை. "வேன் வர்ற வரைக்கும் மேம்."

டாக்டர் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தோணி போனை உயர்த்திக் காட்டி வாயசைத்தார்: சின்னாளபட்டி தாண்டிருச்சாம்.

"சரி, வரட்டும்," என்றார் டாக்டர்.

வாசம்

லூர்துவுக்கு முன்னால் மல்லி வாசம் வந்தது. பூ மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தவர். சேலையெல்லாம் வாசம். ஸ்பிரிட் நாற்றம் மட்டுமே இருந்த அறையில் அது நடந்து வந்த மாதிரி இருந்தது. முடிச்சை நெஞ்சோடு பிடித்திருந்தார். செல்வி கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

"நாந்தான் முடிஞ்சேன், நானே அவுத்துத் தாரேன்."

அவிழ்த்தார். தோடு, மூக்குத்தி, செயின். நடுவில் ஈர வாழையிலையில் மடித்து நாரால் கட்டிய ஒரு பொட்டலம். மல்லிச் சரம் கட்டுகிற அதே மடிப்பு.

"காய விட்டா பல்லு வீணாயிரும்னு அத்தை சொல்லும். அதான் பூவ மடிக்கிறாப்புல மடிச்சேன்."

செல்வி கழுவிக் கொடுத்தார். மாஸ்க்கை எடுத்தோம். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே லூர்து காதருகில் போய், யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: "அத்தை, பல்லு."

புஷ்பம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தார். மேல் செட், கீழ் செட். இரண்டு முறை மென்று பார்த்துக்கொண்டார். எங்கள் கண் முன்னாலேயே பள்ளங்கள் மேடாகி, போனில் பார்த்த அம்மாள் வந்து படுத்துக்கொண்டார். அந்தோணி கதவோரத்தில் நின்று "இதான் எங்கம்மா," என்றார்.

நான் முதலில் எடுத்து ஒதுக்கிய அதே மீடியம் மாஸ்க்கை வைத்தேன். பட்டையை ஒரு துளை தளர்த்தி மாட்டினேன். கையை எடுத்தேன்.

விசில் இல்லை.

அடுத்த ஏபிஜியைப் பார்த்துவிட்டு டாக்டர், "டியூப் ட்ரே இனி வேணாம், திருப்பி உள்ள வெச்சிரலாம்," என்றார். சாயங்காலம் புஷ்பம்மாள் தானாகக் கண் விழித்து முதலில் கேட்டது, இன்றைக்குப் பூ என்ன விலைக்குப் போனது என்று.

வீட்டுக்குப் போகும் மாஸ்க்

டிஸ்சார்ஜுக்கு முன்னால் வீட்டு மெஷினுக்கு மாஸ்க் பார்க்கப் போனேன். இப்போது வாயை நன்றாக மூடிக்கொண்டு மூச்சு விட்டார், அதனால் மூக்குக்கு மட்டும் வைக்கிற நேசல் மாஸ்க். மாட்டியதும் "பேசலாமா?" என்று கேட்டார். பேசலாம், வாயைத் திறந்தால் காற்று வெளியே வரும், அவ்வளவுதான் என்றேன். அப்போது ஒரு கையில் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தைத் தடவி, குரலை இறக்கி, வேறு ஒன்று கேட்டார்.

"பல்லு இல்லாம என்னய எத்தன பேரு பாத்தாக தாயி?"

"யாரும் பாக்கலம்மா. நான் கைய வச்சு மூடிட்டேன்."

அவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போர்வையை விட்டார்.

ஜூனியர்களே, இதுதான் என் நோட்ஸ். டேபிளை உங்கள் பாடப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் வடமதுரையிலிருந்து ஒருவரைத் தூக்கத்தோடு கொண்டுவந்தார்கள். மாஸ்க் டிராயரைத் திறக்கவில்லை. அளவுத் தகட்டை எடுக்கவில்லை. வெளியே போய் அவர் வீட்டாரிடம் கேட்டேன்:

"முடிச்சு யாருகிட்ட இருக்கு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓரமாக நின்ற ஒரு பெண்ணின் கை மெதுவாக இடுப்புக்குப் போனது.